புழுவை விரட்டிய பாசி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கஷாயம் கொடுத்தார்கள். ‘மக்குரி’ என்னும் சிவப்புக் கடற்பாசியைக் கொதிக்கவைத்து இறக்கியது. குமட்டும் நாற்றம். ஆனால் மனிதக் கழிவை உரமாகப் போட்டு விளைந்த காய்கறிகள் வழியே உருளைப்புழு ஊரெங்கும் பரவியிருந்த காலம் அது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடித்தாக வேண்டும்.

டிஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்ற அந்தப் பாசியிலிருந்து 1953-ல் ஜப்பானிய வேதியியலாளர்கள் கைனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு நரம்பு இன்னொரு நரம்பைத் தூண்ட உடல் பயன்படுத்தும் பொருள் குளூட்டமேட். கைனிக் அமிலத்துக்கு அதே சாயல். குளூட்டமேட் பொருந்த வேண்டிய ஏற்பியில் இது பொருந்தி, நரம்பை அளவுமீறி முடுக்கிவிடும். புழு துடித்து, செயலிழந்து, பிடி நழுவி மலத்தோடு வெளியேறும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மருந்தாகத் தருவது சில மில்லிகிராம்தான், அதில் மூளையை எட்டுவது மிகச் சொற்பம்.

எட்டினால்? 1970-களில் எலிகளின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்புச் செல்கள் ஓயாத தூண்டலில் மடிந்தன. எலிக்கு வலிப்பு வந்தது. மனிதருக்கு வரும் ஒருவகை வலிப்பைப் பெரிதும் ஒத்திருந்ததால், அதன் பிறகு வலிப்பு மருந்துகளைச் சோதிக்க ஆய்வகங்கள் இந்த எலிகளையே நாடின. புழு மருந்தாக இருந்ததைவிட, நோயை வரவழைத்துக் காட்டியதில்தான் இந்தப் பாசி மருத்துவத்துக்கு அதிகம் உதவியது என்பேன். மூளையிலுள்ள ஒருவகை ஏற்பிகளுக்கே இதன் பெயரால் ‘கைனேட் ஏற்பி’ என்று பெயர்.

கைனிக் அமிலத்துக்கு ஒரு தம்பியும் உண்டு: டோமோயிக் அமிலம். கான்ட்ரியா ஆர்மாட்டா என்ற இன்னொரு சிவப்புப் பாசியில் கிடைத்தது. அதுவும் ஜப்பானில் புழு மருந்தாக இருந்ததுதான். 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் விளைந்த சிப்பிகளைத் தின்று நூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. சிப்பிக்குள் இருந்தது டோமோயிக் அமிலம். இம்முறை அதைச் சுரந்தது சிவப்புப் பாசி அல்ல, டயாட்டம் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. இப்போது ஒரு கிராம் சிப்பி இறைச்சியில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்க விடுவதில்லை.

கைனிக் அமிலத்துக்கு 2000-ஐ ஒட்டி உலகெங்கும் தட்டுப்பாடு வந்து, நரம்பியல் ஆய்வகங்கள் திண்டாடின. பாசி அதை எந்த மரபணுக்களைக் கொண்டு செய்கிறது என்பதை 2019-ல் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தினர் கண்டறிந்தார்கள். அவற்றை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, பாசியே இல்லாமல் கைனிக் அமிலம் தயாரித்தும் காட்டினார்கள்.