சூப்பரா இருப்பது கிளைமேட்டா, வெதரா?

கத்திரி வெயில் நேரத்தில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவதற்குள் சட்டை நனைந்துவிடும். அப்படி ஒரு நாள் சாயங்காலம் அழகர்மலைப் பக்கம் கருமேகம் திரண்டு, ஜில்லென்று காற்று வீசினால் மதுரையில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கிளைமேட் சூப்பரா இருக்குல்ல?" சென்னைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள், மதுரையை மட்டும் நான் குறை சொல்லவில்லை.

சூப்பராக இருப்பது வெதர். கிளைமேட் ஒரே சாயங்காலத்தில் மாறாது.

இந்த ஊரில் இந்த நேரத்தில் வெயிலா, மழையா, காற்றா என்பது வெதர், அதாவது வானிலை. பல வருட வானிலையைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த ஊரின் குணம் பிடிபடும். அதுதான் கிளைமேட், காலநிலை. பல வருடம் என்றால் எத்தனை? உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகள் என்று வைத்திருக்கிறது.

மதுரையின் குணம் என்ன? ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வரும். மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால், மேலே ஏறிக் குளிர்ந்து கேரளப் பக்கமே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடும். மலை இறங்கி நம் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும். அதனால்தான் மதுரையை மழை மறைவுப் பகுதி என்கிறார்கள். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. கண்மாய்கள் நிறைவது அதை நம்பித்தான். விவசாயி பட்டம் பார்த்து விதைப்பது கிளைமேட் கணக்கு. களத்தில் காயும் நெல்லை மூடத் தார்ப்பாயோடு ஓடுவது வெதர் அவசரம்!

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கால் மணி நேரத்திலேயே 4.5 செ.மீ. மழை கொட்டியதாக அரசு சொன்னது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த ஒரு நாளை வைத்து, மதுரையின் கிளைமேட் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட மழை முன்பைவிட அடிக்கடி வருகிறதா என்று பல பத்தாண்டுக் குறிப்புகளைப் புரட்டினால்தான் தெரியும்.

அந்தக் குறிப்புகள் எங்கிருந்து வருகின்றன? வானிலை நிலையங்களில் தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய 24 மணி நேரத்தில் எத்தனை மி.மீ. பெய்தது என்று எழுதி வைக்கிறார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள 30 ஆண்டுக் கணக்கு 1991 முதல் 2020 வரை. அடுத்தது 2001 முதல் 2030 வரை. நீங்கள் நனைந்த மழையும் அதில் சேரும்.