பூனையோடு வீட்டையும் ஏற்றுங்கள்

புதுச்சேரி அரசு அலுவலகங்களில் ‘மாஹே டிரான்ஸ்ஃபர்’ என்றாலே ஒரு சலசலப்பு எழும். பெயருக்கு ஒரே யூனியன் பிரதேசம். ஆனால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில், ஏனாம் ஆந்திரத்துக்குள், மாஹே கேரளத்துக்குள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி. ஆர்டர் வந்தால் வங்கக் கடலை விட்டு அரபிக் கடலுக்குக் குடிபோக வேண்டும். சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் லாரியில் ஏறிவிடும். பிள்ளைகளின் டி.சி.யும் காஸ் இணைப்பும் எப்படியாவது மாறிவிடும். வீட்டில் பூனை இருந்தால்தான் திண்டாட்டம்.

லாஸ்பேட்டையிலிருந்து மாஹேக்குக் குடிபோன நண்பரின் காரில், பின்சீட்டில் பூனைக் கூடைக்குக் காவலாக உட்காரும் வேலை எனக்கு வாய்த்தது. கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஆயா வாசலுக்கு வந்தார். “நாய் ஆளோட வரும் தம்பி, பூனை வூட்டோடதான் இருக்கும். ஏன் அத வதைக்கிறீங்க?” என்றார். காலகாலமாகச் சொல்லிவரும் பேச்சு. அறிவியல் இதற்கு என்ன சொல்கிறது?

கோணிப்பை சோதனை

தொல்லை தரும் பூனையைக் கோணியில் போட்டுக் கட்டி ஏரிக்கு அப்பால் விட்டுவிட்டு வருவார்கள். விட்டவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் பூனை அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். ஊருக்கு ஊர் இந்தக் கதை உண்டு. அமெரிக்க உயிரியலாளர் பிரான்சிஸ் ஹெரிக் ஏறக்குறைய இதையே ஆய்வாகச் செய்து 1922இல் எழுதினார். குட்டி போட்ட பூனையைச் சில மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்; பெரும்பாலும் அது குட்டிகளிடம் திரும்பி வந்துவிட்டது. 1954இல் ஜெர்மனியின் கீல் நகரில் பூனைகளை மூடிய பெட்டிகளில் வைத்துச் சுற்றுவழியாக ஓட்டிச்சென்று, பல வாசல்கள் கொண்ட ஒரு புதிர்க்கூடத்தில் விட்டார்கள். வீடு கிட்டத்தில் இருந்தவரை பல பூனைகள் வீட்டுத் திசையில் இருந்த வாசல் வழியாகவே வெளியேறின. தொலைவு கூடக்கூட அந்தத் திறன் மங்கியது.

அரிதாகச் சில பூனைகள் இந்த எல்லையையும் தாண்டுவதுண்டு. 2012 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பயணத்தின்போது தொலைந்த ஹாலி என்ற பூனை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து இரண்டு மாதத்தில் சொந்த ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக, பாதம் புண்ணாகி வந்த அதனை உடலில் பொருத்தியிருந்த மைக்ரோசிப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

ஆகவே வீட்டைத் தேடும் குணம் உண்மைதான். ஆளைத் தேடாது என்பதுதான் பொய். 2019இல் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளைப் புதிய அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம் விட்டு, பிறகு தனியே விட்டு, மறுபடி அவரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். சுமார் 64 சதவீதக் குட்டிகள் அவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, அறையை உலாவத் தொடங்கின. கைக்குழந்தைகளிடம் செய்த இதே வகைச் சோதனையிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். பூனைக்கு ஆளும் வேண்டும், வீடும் வேண்டும்.

கன்னத்தால் எழுதும் முகவரி

பூனையின் வீடு சுவரும் கூரையும் அல்ல, வாசனை. நம் காலிலும் கதவு ஓரத்திலும் நாற்காலி முனையிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்காக மட்டுமல்ல. கன்னத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் வேதிப்பொருள்களை அங்கே பூசுகிறது. பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பாஜே 1990களில் இந்தச் சுரப்பைப் பகுத்து, அதில் ஒரு பகுதி ‘இது தெரிந்த இடம், பயமில்லை’ என்று பூனை தனக்கே வைத்துக்கொள்ளும் குறி என்று காட்டினார். இன்று கடைகளில் விற்கும் பூனை ஃபெரோமோன் தெளிப்பான்கள் அந்த ஆய்விலிருந்து வந்தவை.

இப்போது நாம் வீடு காலி செய்யும் விதத்தைப் பாருங்கள். முதல் நாளே சோபா போகிறது. பிறகு திரைச்சீலை, பாய், தலையணை. கடைசியில் வீட்டை ஃபினாயில் போட்டுக் கழுவிவிட்டு, பூனையைத் தேடிப் பிடித்துப் புதுப் பிளாஸ்டிக் நெடியடிக்கும் கூடையில் திணிக்கிறோம். ஊரை விட்டுக் கிளம்புமுன்பே அதன் வீடு போய்விட்டது.

அரிக்கமேட்டுக் கடலின் அக்கரையில்

இடம் மாறினால் இவ்வளவு கலங்கும் விலங்கு உலகம் முழுக்க எப்படிப் பரவியது? புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம். தென்னிந்தியச் சரக்கு செங்கடலில் போய் இறங்கிய துறைமுகங்களில் ஒன்று எகிப்தின் பெரெனிகே. அங்கே இந்தியச் சாடியொன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. ஊர் எல்லையில் செல்லப்பிராணிகளைப் புதைத்த இடுகாடும் கிடைத்தது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குழிகளில் பெரும்பாலானவை பூனைகளுடையவை. சிலவற்றின் கழுத்தில் மணிமாலை இருந்தது.

2017இல் வெளியான பழம்பூனை மரபணு ஆய்வு பெரெனிகேவில் இன்னொன்றையும் கண்டது: ஆசியக் காட்டுப்பூனையின் தாய்வழி மரபுக்கூறு. பூனை இனத்தைக் கரைக்குக் கரை கொண்டுசேர்த்தது கப்பல். தானியமும் கயிறும் எலிக்குத் தப்ப வேண்டும் என்பதால் மாலுமிகள் பூனையை விரும்பி ஏற்றினார்கள்.

பூனைக்கும் கப்பல் ஒத்துப்போனதில் வியப்பில்லை. துறைமுகம் மாறும், சரக்கறை, தூங்கும் மூலை, சோறு போடும் ஆள், அவற்றின் வாசனை எதுவும் மாறாது. வீடே மிதந்து போகிறது. காரில் போகும் பூனைக்கும் அப்படி ஒரு கப்பல் வேண்டும். கூடைதான் அந்தக் கப்பல்.

வியன்னா ஆய்வாளர்கள் 2018இல் 22 பூனைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பூனைகளுக்குச் சில வாரம் கூடைப் பழக்கம் கொடுத்தார்கள்: திறந்த கூடையில் தீனி, பிறகு கதவு சாத்தல், பிறகு தூக்கி நடத்தல், கடைசியில் கார். பழகிய பூனைகளிடம் பயணத்தில் பதற்றக் குறிகள் குறைவாகவே தெரிந்தன. நண்பரும் ஒரு மாதம் முன்பே கூடையைக் கூடத்தில் திறந்து வைத்து, தன் பழைய லுங்கியைத் துவைக்காமல் உள்ளே விரித்திருந்தார். பூனை மதியத் தூக்கத்தை அதற்குள் மாற்றிக்கொண்டது.

காதுக்குள் தராசு

வாந்தி வேறு விஷயம். உயரத்திலிருந்து விழும் பூனை நான்கு காலில் இறங்குவதை 1894இல் பாரிஸில் எத்தியேன் ஜூல் மாரே அடுக்கடுக்கான படங்களாகப் பிடித்துக் காட்டினார். அந்தச் சாகசத்துக்குக் காரணம் உட்காதின் சமநிலை உறுப்பு. சாலையில் அதுவே எதிரியாகிறது. கூடைக்குள் எதுவும் அசையவில்லை என்கிறது கண்; திரும்புகிறோம், குலுங்குகிறோம் என்கிறது காது. இந்த முரண்பாட்டில் வயிறு புரளுகிறது.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் நம் பூனை உதட்டை ஓயாமல் நக்கியது. தாடையிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. கூடையின் ஓரத்தில் லுங்கி விலகிய இடத்தில் ஈரக் காலடித் தடம். பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான்; வெயிலிலும் வியர்க்கும், பயத்திலும் வியர்க்கும். கூடைமேல் மெல்லிய துணியைப் போர்த்தி, வேகத்தைக் குறைத்து, ஏ.சி.யைக் கூட்டியதும் அரை மணியில் தணிந்தது. வயநாடு வழியைத் தவிர்த்ததும் நல்லதாயிற்று. தாமரசேரிச் சுரத்தில் மட்டும் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். பாலக்காட்டுக் கணவாயோ மேற்கு மலைத்தொடர் தானே விட்ட சமதள வாசல்.

நாம் பஸ்ஸில் போடும் வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அவை பெரும்பாலும் ஹிஸ்டமினைத் தடுப்பவை. பூனையின் பயண வாந்தி அந்த வழியில் வருவதில்லை என்பதால் பெரிய பலன் இராது. மாரோபிட்டன்ட் என்ற மருந்து வேறு வழியில் வேலை செய்து பூனைக்குப் பலன் தருகிறது. பயத்தைக் குறைக்க, கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் கொடுத்த ஒரு வேளை காபாபென்டின் உதவியதை 2017 ஆய்வொன்று காட்டியது. இரண்டுமே கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித்தர வேண்டியவை. பாராசிட்டமால் மட்டும் கூடவே கூடாது. அதைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

இரண்டு ஆள் எதற்கு?

ஆத்தூரில் நண்பர் சாப்பிட்டு வரும்வரை நான் ஏ.சி. ஓடும் காரில் இருந்தேன், பிறகு மாற்றிக்கொண்டோம். 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததும் உதவவில்லை. பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி. வாய் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கினால் ஆபத்து என்று பொருள். தனியாக ஓட்டுபவர் ஒரு காபிக்குக்கூட இறங்க முடியாது.

ஆவணத்தையும் மறக்கக் கூடாது. பயணத்துக்குத் தகுதியான உடல்நிலை, தொற்றுநோய் இல்லை என்ற மருத்துவச் சான்று உடன் இருக்க வேண்டும் என்கின்றன 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஓர் அறை

மாஹே வீட்டில் லாரி இறங்குமுன் ஓர் அறையை மட்டும் பூனைக்கு ஒதுக்கினோம். கூடை, பழைய மண் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி விளையாட்டுச் சாமான் அல்ல. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2014இல் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்தது. ஒளிய ஒரு பெட்டி கிடைத்தவை சில நாளிலேயே அமைதியாயின. கிடைக்காதவற்றுக்குக் கூடுதல் நாள் பிடித்தது.

முதல் நாள் சாப்பிடாதது இயல்பு. இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி அது செயலிழக்கும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் வெளியே விடவும் கூடாது. 600 கிலோமீட்டர் நடந்து அது லாஸ்பேட்டைக்குப் போகாது. ஆனால் போகக் கிளம்பும், தெரியாத ஊரில் தொலையும்.

சாமான்களை அடுக்கி முடித்ததும் பூனைக் கூடையைப் பரணில் ஏற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். ஏற்ற வேண்டாம். அறை மூலையில் கதவு திறந்தபடியே இருக்கட்டும். டாக்டரிடம் போவதானாலும் அடுத்த ஊருக்குப் போவதானாலும், நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியிராது. பூனை ஏற்கெனவே உள்ளே படுத்திருக்கும்.