மின்சாரமும் விரல் ரேகையும்

தொழிலாளி என்றாலே மாறுதலுக்குப் பகைவன் என்றோர் எண்ணம் படித்தவர்களிடையே ஊறிக் கிடக்கிறது. புதுப் பொறி வந்தால் முறைப்பானாம், புது விதி வந்தால் கொடி பிடிப்பானாம், பழக்கத்துக்கு அடிமையாம். நிர்வாகவியல் பயிலும் நம் தோழர்களின் பாடநூல்களிலும் தொழிலாளியின் எதிர்ப்பை ஒரு நோயாக்கி, அதற்கு மருந்தும் எழுதியிருக்கிறார்கள். நான் இயற்பியல் மாணவன். அத்துறையில் எனக்குப் புலமை கிடையாது. ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்தவன். எங்கள் ஊரின் கதையைக் கல்லாக வைத்து இந்த எண்ணத்தை உரைத்துப் பார்க்கிறேன். உரைத்துப் பார்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதா என்ன?

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். பெரும்பாலோர் ஆதிதிராவிடர், ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை என்று புறப்பட்டவர்கள். அவர்கள் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மாறுதல்கள் மளமளவென்று தொடங்கிவிட்டன. அவற்றுள் பெரியது 1902இல் வந்தது. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிவந்து சுரங்கப் பொறிகளைச் சுழற்றிற்று. பெங்களூர்த் தெருக்களே மின்விளக்கைக் காண இன்னும் மூன்றாண்டு இருந்தன! நிலக்கரி எரித்த நீராவிப் பொறிகள் ஓய்ந்தன. சம்மட்டியால் துளைத்த இடத்தில் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவி வந்தது.

இவற்றை எதிர்த்து ஒரு வேலைநிறுத்தமாவது நடந்ததுண்டா என்று தேடிப் பார்த்தேன்; நான் படித்தவற்றுள் அப்படி ஒன்றைக் காணோம். காரணம் விளங்காததன்று. பூமிக்குள் ஆழ்ந்து செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் ஏறும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அங்கே பாறையின் வெப்பம் 65 பாகையை எட்டும். மேலே இருந்து குளிர்ந்த காற்றை அனுப்பாவிட்டால் மனிதன் அங்கே நிற்கவே முடியாது. போதாக்குறைக்கு, மேலுள்ள மலையளவு பாறையின் பளு தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள் ஊரில். வீட்டில் அடுக்கிய பாத்திரங்கள்கூட அதிரும். அப்படிப்பட்ட இடத்தில் உயிரைக் காக்கும் பொறியை எவன் வேண்டாமென்பான்? சாம்பியன் ரீஃபில் துளைக்கருவி பிடித்தவர் என் பாட்டனார். அந்தக் கருவியைப் பற்றி அவர் பேசினால் உழவன் தன் காளையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

அதே மக்கள் 1930இல் வேலையை நிறுத்தினார்கள். ஒரு நாள் இரண்டு நாளன்று, மூன்று வாரம்! அப்போது அவர்களுக்குச் சட்டம் ஏற்ற சங்கம் கிடையாது. கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. பின் எதற்காக? தொழிலாளர் தம் விரல் ரேகையைப் பதிந்து பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் புது முறை வகுத்ததற்காக.

பொறியை ஏற்றவர்கள் ஒரு சொட்டு மையை ஏற்கவில்லை. விந்தையாகத் தோன்றும். ஆனால் அந்த மைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டம் தங்கத் திருட்டைத் தடுக்க வந்தது. அதன்படி, சுரங்கப் பொருளோடு பிடிபட்டவன் தான் குற்றமற்றவன் என்பதைத் தானே மெய்ப்பிக்க வேண்டும். கள்வன் என்ற ஐயத்தோடேயே முப்பதாண்டு நடத்தப்பட்டவனிடம், காவல் நிலையத்தில் கைதியிடம் கேட்பதையே கேட்டால் அவன் என்ன நினைப்பான்?

தங்கவயலுக்கு முன்பே இந்தச் சண்டை தென்னாப்பிரிக்காவிலும் நடந்தது. டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் விரல் ரேகை பதிந்தே தீரவேண்டுமென்று சட்டம் வந்தபோது, காந்தியடிகளோடு நின்று சிறை சென்றவர்களில் தமிழர் ஏராளம். 1908 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது: கட்டாயம் நீங்குமானால், தாமாக விரும்பிப் பதியலாம். காந்தியடிகளே ரேகை பதிந்தார். அதற்காகத் தம்மவர் ஒருவரிடமே அடியும் பட்டார்! அரசு சொல் தவறியது என்று கண்டதும், அந்த ஆண்டு ஆகஸ்டில் பதிவுச் சீட்டுகள் குவித்துக் கொளுத்தப்பட்டன. அதே விரல், அதே மை. கட்டாயமென்றால் சிறை, நம்பிக்கையென்றால் இசைவு, நம்பிக்கை குலைந்தால் நெருப்பு.

இன்று பெங்களூர் அலுவலகங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாள்தோறும் பொறியில் விரல் வைத்துத்தான் உள்ளே நுழைகிறார்கள், மேலாளரும் வைக்கிறார். யாரும் முணுமுணுப்பதில்லை, காலதாமதமாக வருகிறவர்களைத் தவிர.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. அந்த மாறுதல் தொழிலாளரே கேட்டுப் பெற்றது. 1962இல் மத்திய அரசுக்குக் கைமாறி, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயிற்று. 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. மூடுவதைத் தொழிலாளர் முழுமூச்சாக எதிர்த்தனர். வெளியூர் நண்பர்களுக்கு இது புரிவதில்லை. 1940 முதல் 1946 வரை அங்கே நடந்த மருத்துவ ஆய்வில் 7,653 பேரைச் சோதித்ததில் 3,402 பேருக்கு நுரையீரலில் கல்தூசி நோய் இருந்தது. உயிரைக் குடித்த சுரங்கத்தை மூடினால் மகிழ வேண்டியதுதானே என்கிறார்கள். குடியிருந்த லைன் வீடு, குழாய்த் தண்ணீர், மருத்துவமனை எல்லாம் சுரங்கத்தோடு பிணைந்திருந்தன. ஒன்றை மூடினால் அத்தனையும் மூடும். அதைக் கணக்கிட்டுத்தான் அவர்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். அத்தோடு நிற்கவில்லை, கூட்டுறவு அமைத்துத் தாங்களே சுரங்கத்தை நடத்துகிறோம் என்றும் கேட்டார்கள். இதைவிடப் பெரிய மாறுதலை எந்த நிர்வாகம் சிந்தித்தது? வழக்கு நீண்டு, உலக அளவில் டெண்டர் விடலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது மற்றொரு மாறுதல் வாசலில் நிற்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மண்மேடுகளில் பதின்மூன்றைத் தோண்டி, மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அரசு இசைவு தந்தது. உங்கள் ஊரார் இதை ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா என்று விடுதியில் என்னைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசப்படுபவை மூன்று கேள்விகள்: வேலை யாருக்கு? தூசி எந்தப் பக்கம் பறக்கும்? நாங்கள் இருக்கும் வீடு எங்கள் பெயருக்கு வருமா? மூன்றுக்கும் விடை சொல்ல இன்னும் யாரும் திண்ணைக்கு வரவில்லை.