திரட்டு நெறி

பலர் ஆக்கிய நூல்களிலிருந்து நல்லன தெரிந்தெடுத்து ஓரிடத்தில் சேர்த்து வைப்பதைத் தொகை என்றும் திரட்டு என்றும் கூறுவர். தமிழில் இவ்வழக்கம் மிகப் பழைமையானது. எட்டுத்தொகை என்னும் பெயரே அதற்குச் சான்று. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. பாடிய புலவர் பெயரோடு தொகுத்தவர் பெயரையும் தமிழுலகம் மறவாமல் போற்றி வந்திருக்கிறது.

இக்காலத்தில் திரட்டும் தொழிலை மனிதர் மட்டும் செய்வதில்லை, கணிப்பொறியும் செய்கிறது. இதழ்களும் தனி எழுத்தாளர்களும் இணையத்தில் வெளியிடும் கட்டுரைகளை அது சிறிது பொழுதுக்கு ஒருமுறை சென்று பார்க்கிறது. புதிதாக ஒன்று வந்திருப்பின் அதன் தலைப்பையும் தொடக்க வரிகள் சிலவற்றையும் எடுத்து வந்து, ஒரே பக்கத்தில் வரிசையாக நிறுத்துகிறது. இத்தகைய இடத்திற்குத் தமிழர் 'திரட்டி' என்று பெயரிட்டுள்ளனர். இருபது இதழ்களை நாள்தோறும் தேடிச் சென்று படிக்க நேரமில்லாத ஒருவருக்கு இது பெரிய உதவியே. ஆயினும், பிறர் எழுத்தில் எவ்வளவு எடுக்கலாம், எடுத்தது யாருடையது என்பதை எங்ஙனம் காட்டவேண்டும் என்னும் வினாக்கள் இங்கே எழுகின்றன. பொறி புதியது, வினாக்கள் புதியன அல்ல. அவற்றிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர்கள் தென்பாண்டி நாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திற்கு வடகிழக்கே சிறிது தொலைவில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர் அது. பதினொரு நிலைகளையுடைய அவ்வூர்க் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்து வருவோர் கண்ணுக்கும் தோன்றும். ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பது பாசுரங்களைக் கொண்டது. நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்று பாசுரங்களைக் கொண்டது. இவற்றைப் படிப்போர் ஒரு சிறப்பைக் காண்பர். பாடல்களை முடித்து வைக்கும் இறுதிச் செய்யுளில் ஆசிரியர் தம் பெயரையும் ஊரையும் அமைத்துப் பாடியிருக்கிறார். திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தில் புதுவை என்னும் ஊர்ப்பெயர் இருக்கிறது. பட்டர்பிரான் என்னும் தந்தையார் பெயர் இருக்கிறது. கோதை என்னும் ஆண்டாளின் பெயர் இருக்கிறது. அவற்றோடு, பாட்டுகள் முப்பது என்னும் எண்ணும் இருக்கிறது. பெரியாழ்வாரும் திருப்பல்லாண்டின் இறுதியில் வில்லிபுத்தூரையும் விட்டுசித்தன் என்னும் தம் பெயரையும் வைத்துள்ளார்.

ஓலையில் எழுதிய காலத்தில் நூலுக்கு முகப்பு அட்டை இல்லை. ஓலைச் சுவடியின் முதலேடும் கடையேடும் எளிதில் முறியும். ஒருவர் பாடியதை மற்றொருவர் கேட்டு மனத்திற் கொள்வார். அவரிடமிருந்து இன்னொருவர் கற்பார். இங்ஙனம் கைமாறிச் செல்லும்போது ஆசிரியர் பெயர் உதிர்ந்துவிடுவது இயல்பு. பெயரைப் பாட்டின் உள்ளேயே யாப்போடு பின்னிவிட்டால், பாட்டு உள்ளவரையில் பெயரும் இருக்கும். அதனைப் பிரித்தெடுக்க விரும்புவோர் செய்யுளையே உடைக்கவேண்டும். எண்ணையும் சேர்த்துக் கூறியதன் பயனும் சிறிதன்று. இருபத்தெட்டுப் பாசுரங்கள் மட்டும் ஒருவர் கைக்குக் கிடைப்பின், இரண்டு குறைகின்றன என்பதை அவர் அறிந்துகொள்வார்.

இவ்வெண் செய்த பேருதவி ஒன்றை வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. வீரநாராயணபுரம் எனப்பெற்ற காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் வாழ்ந்து வந்தார். அங்கே வந்த யாத்திரிகர் சிலர் குடந்தைப் பெருமாளைப் பற்றிய பதிகம் ஒன்றை ஓதினர். பாட்டின் இனிமையில் ஈடுபட்ட நாதமுனிகள் இறுதிச் செய்யுளைக் கூர்ந்து கேட்டார். குருகூர்ச் சடகோபர் பாடிய ஆயிரத்துள் இவை பத்து என்னும் குறிப்பு அதில் இருந்தது. எஞ்சியவை எங்கே என்று அவர் வினவினார், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. பத்தை மட்டுமே அவர்கள் அறிந்திருந்தனர். நாதமுனிகள் குருகூரைத் தேடிச் சென்று, அரிதின் முயன்று, நம்மாழ்வார் பாடல்களையும் பிற ஆழ்வார்கள் பாடல்களையும் பெற்று, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமாகத் தொகுத்தார் என்பது அவ்வரலாறு. பெரியாழ்வார், ஆண்டாள் ஆகிய இருவரின் பாடல்களும் அத்தொகுப்பின் முதலாயிரத்தில் இடம்பெற்றுள்ளன.

இவ்வரலாற்றில் யாத்திரிகர் செய்த செயல் கருதத்தக்கது. அவர்கள் ஆயிரத்தில் பத்தையே எடுத்து வழங்கினர், அது குற்றமன்று. பத்தோடு சேர்ந்து வந்த பெயரையும் ஊரையும் எண்ணையும் அவர்கள் விட்டுவிடவில்லை. பதினோராம் செய்யுளில் பயனும் பெயருந்தானே உள்ளன, கருத்து ஒன்றும் இல்லையே என்று அதனை அவர்கள் நீக்கியிருந்தால், கேட்டவர் மகிழ்ந்து தலையசைத்ததோடு செய்தி முடிந்திருக்கும். துணுக்கு ஒன்று முழுநூலைத் தேடச் செய்ததற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெயரே தெரியாதபோது என் செய்வது? சங்கத் தொகையாளர் அதற்கும் ஒரு வழி கண்டனர். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை உவமையாகக் கூறிய புலவரின் பெயர் கிடைக்கவில்லை. அவரைச் செம்புலப்பெயனீரார் என்றனர். தேய்ந்த பழங்கயிற்றை உவமை கூறியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவரை அணிலாடு முன்றிலார் என்று குறித்தனர். பெயர் அறியாமையால் அப்பாட்டைத் தமதாக்கிக்கொள்ளவும் இல்லை. வேறொருவர் தலையில் ஏற்றவும் இல்லை. புலவரின் சொல்லையே அவருக்குப் பெயராகச் சூட்டி உரிமையை அவரிடமே விட்டுவைத்தனர். உரியவரைச் சுட்ட வேறு வழியே இல்லாதபோதும் சுட்டவேண்டும் என்று கருதிய அவர்களது நேர்மை வியப்பிற்குரியது.

பிற்காலத்தில் எழுந்த புறத்திரட்டு என்னும் நூல் வேறொரு வகையைச் சார்ந்தது. பல நூல்களிலிருந்து ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களை எடுத்து, திருக்குறளைப் போல அதிகாரம் வகுத்துப் பொருள் முறையில் அடுக்கியிருக்கிறார் அதன் ஆசிரியர். அவர் பெயர் தெரியவில்லை. எஸ். வையாபுரிப்பிள்ளை அதனை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே பதிப்பித்தார். முத்தொள்ளாயிரத்தில் இன்று எஞ்சியுள்ள நூற்றுச் சொச்சம் செய்யுள்கள் பெரும்பாலும் இத்திரட்டின் வாயிலாகவே கிடைத்தன. வளையாபதியும் அவ்வாறே, முழுநூல் மறைந்தது, திரட்டில் சிக்கிய செய்யுள்கள் பிழைத்தன. இச்செய்யுள் இந்நூலினுடையது என்னும் குறிப்பு இருந்தமையால்தான் அவை இன்னவை என்று அறிய முடிந்தது. அக்குறிப்பு இல்லாதிருப்பின் அவை ஊர் பேர் அறியாத தனிப்பாடல்களாய் நின்றிருக்கும். திரட்டுவோரைக் கொள்ளையர் என்று இகழ்வோர் புறத்திரட்டை நினைத்தல் வேண்டும். மூலம் அழிந்தபின் அதனைக் காப்பதும் திரட்டே.

தொல்காப்பியம் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நான்காம் வகைக்கு இராசபாளையத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் ஆண்டாள் வரலாற்றை ஆமுக்தமால்யத என்னும் பெயரில் தெலுங்குக் காவியமாகப் பாடினார். அவர் ஆண்ட காலம் 1509 முதல் 1529 வரை. தமிழ்நாட்டு வரலாறு தெலுங்கிற்குச் சென்று நானூறு ஆண்டுகள் கடந்தபின், தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் இராசபாளையத்தைச் சேர்ந்த பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா அக்காவியத்தைத் தமிழாக்கினார். அதற்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் 1989-இல் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்ட கதை, பேரரசர் ஒருவரின் காவியமாகி, அடுத்த ஊருக்கே திரும்பி வந்தது. இத்தனை கை மாறியும், இது யாருடைய கதை, யார் காவியம், யார் மொழிபெயர்ப்பு என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

ஊர்ப்பெயரின் மதிப்பை இப்பகுதி மக்கள் வேறு வகையிலும் அறிவர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. வேற்றூரில் கிண்டிய பால்கோவாவை அவ்வூர்ப் பெயரால் விற்பதற்கு இனிச் சட்டத்தில் இடமில்லை. தின்பண்டத்திற்கே பிறந்த இடத்தின் பெயர் இத்துணை இன்றியமையாததாயின், எழுத்திற்கு அது வேண்டாமா?

இனிக் கணிப்பொறி எடுக்கும் துணுக்கை நோக்கலாம். நாதமுனிகளுக்குப் பாட்டின் சுவை தெரியும். பூரிக்கோவிற்கு அடிவரையறை தெரியும். பொறிக்கு எண்ண மட்டுமே தெரியும். முதல் நாற்பது சொல் அல்லது முதல் இருநூறு எழுத்து என்று கட்டளையிட்டால், அவ்வளவில் அது வெட்டிவிடும். ஆங்கிலம் போன்ற மொழிகளில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடும். தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்கிறது. மறுப்பும் அதனோடு இறுதியிலேயே நிற்கிறது. 'இவ்வேர்க் கசாயம் குழந்தைகளின் காய்ச்சலுக்கு உகந்தது என்று சிலர் கூறுவது முற்றிலும் தவறு' என மருத்துவர் ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். உகந்தது என்ற சொல்லோடு பொறி நிறுத்திவிட்டால், மருத்துவர் எதனைத் தடுக்க எழுதினாரோ அதனையே அவர் பெயரால் பரப்பியதாக முடியும். அவசரமாகப் படித்துச் செல்லும் தாய் ஒருத்தி முழுக் கட்டுரையைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரைச் சரியாகப் போட்டும், எழுதியவருக்கும் படித்தவருக்கும் ஒருங்கே தீங்கு செய்யும் துணுக்கு இது.

இத்தீங்கு ஒரு வாக்கியத்தோடு நிற்பதன்று. பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்னர் அதனைக் களைதல் தமிழ் உரையாசிரியர்களின் முறை. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் அதுவும் ஒன்று. அம்முறையில் எழுதப்பெற்ற கட்டுரையின் முதற்பத்தியை மட்டும் எடுத்தால், கிடைப்பது எதிரியின் கருத்தாகவே இருக்கும். இன்னும் ஒரு சிறு குறையும் உண்டு. கணிப்பொறியில் தமிழின் உயிர்மெய்க் குறிகள் தனியாக எண்ணப்படுகின்றன. அறியாது வெட்டும் பொறி 'கோ' என்பதை இரண்டாக்கிக் 'க' என்று நிறுத்திவிடும். இது திருத்துவதற்கு எளியது. வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டுமாறு பொறிக்குக் கற்பித்தலும் எளியதே. எழுதியவரே ஒரு சுருக்கத்தை எழுதி வைத்திருந்தால், அதனை அவ்வாறே எடுத்துக்கொள்வது எல்லாவற்றினும் நன்று.

எழுத்தாளரின் விருப்பத்தைப் பொறிக்கு அறிவிக்கவும் வழி உண்டு. 1994-இல் இணையத்தில் ஒரு வழக்கம் தோன்றியது. இன்ன பகுதிக்குள் பொறிகள் வரலாம், இன்ன பகுதிக்குள் வரலாகாது என்று தளத்தின் உரிமையாளர் ஒரு சிறு கோப்பில் எழுதி வாயிலில் வைத்துவிடுவார். உலவ வரும் பொறி முதலில் அதனைப் படித்தல் வேண்டும். அது பூட்டன்று, கதவில் எழுதிய வேண்டுகோள் போன்றதே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெறும் வழக்கமாக இருந்தபின் 2022-இல் அது முறைப்படி வரையப்பெற்றது. எனினும், மதியாது நுழையும் பொறிகளும் உள்ளன.

சட்டமும் இவற்றைக் கருதாமல் இல்லை. 1886-இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் சேர்ந்துள்ளது. வெளியான நூலிலிருந்து நேர்மையான முறையில் தேவையான அளவு மேற்கோள் எடுப்பதை அது ஒப்புகிறது. மூலத்தையும், ஆசிரியர் பெயர் அதில் காணப்படுமாயின் அப்பெயரையும் குறிக்கவேண்டும் என்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பெற்றது. உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பின்னரும், இஃது என் எழுத்து என்று கூறும் உரிமையும், தம் மதிப்புக் கெடுமாறு அதனைத் திரிப்போரைத் தடுக்கும் உரிமையும் ஆசிரியரிடமே இருக்கும் என்று அச்சட்டம் கூறுகிறது. பள்ளிப் பாடநூல்களும் திரட்டுகளே ஆதலால், அவற்றிற்கும் அதில் ஓர் அளவு விதிக்கப்பட்டுள்ளது. மாணவர்க்கான தொகுப்பில் பதிப்புரிமையுள்ள நூல்களின் சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் ஒரே ஆசிரியரின் எழுத்திலிருந்து ஒரு பதிப்பகத்தார் ஐந்தாண்டில் இரண்டு பகுதிகளுக்கு மேல் அவ்வாறு எடுத்தல் ஆகாது.

ஆழ்வார்கள் பெயரையும் ஊரையும் இறுதிச் செய்யுளில் வைத்தது, முழுப் பதிகத்தையும் ஓதுவோரை எண்ணி. முதல் வரிகளை மட்டும் கவர்ந்து செல்லும் பொறியிடம் அவ்வமைப்பு செல்லாது. ஆகவே இணையத்தில் எழுதுவோர் சிலர், கட்டுரை முதலில் வெளிவந்த இடத்தையும் தம் பெயரையும் தலைப்பை அடுத்த முதல் வரியிலேயே அமைத்துவிடுகின்றனர்.