துவக்குப்பிடியில் ஒன்பது வெட்டுகள்

சென்ற மாரிகாலத்தில் நண்பரொருவர் சாக்கிற் சுற்றிய மரத்துண்டொன்றை என்னிடம் கொண்டுவந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே துரைமார் கையாண்ட பழைய வேட்டைத் துவக்கொன்றின் பிடி அது. இரும்புப் பாகங்கள் அனுமதிப்பத்திரத்தோடு அவரிடமே இருந்தன. தச்சுவேலையில் எனக்குள்ள பிரியத்தை அறிந்தவர் அவர். "மாஸ்டர், இதைப் புதிதுபோலாக்கித் தாருங்கள். இந்த வெட்டுகளும் மறைந்துவிட வேண்டும். அவை என்னவென்று பிள்ளைகள் கேட்கிறார்கள், சொல்லக் கூச்சமாயிருக்கிறது" என்றார்.

பிடியின் அடிப்புறத்தில் கத்தியாற் கீறிய ஒன்பது வெட்டுகள் வரிசையாயிருந்தன. வேட்டைக்காரர் சிலர் தாம் வீழ்த்திய விலங்குகளை இவ்வாறு கணக்கு வைப்பதுண்டு.

பிடி வோல்நட் மரத்தாலானது. பிற்காலத்தில் யாரோ தடிப்பாகப் பூசிய அரக்கு மெருகு கறுத்திருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, மரத்தின் இழையோட்டம் வெளிப்பட்டது. அடுத்து, அடிபட்ட பள்ளங்களைக் கவனித்தேன். அடிபட்ட இடத்தில் மரத்தின் நார்கள் நசுங்குகின்றனவேயன்றி அறுவதில்லை. ஈரத்துணியை விரித்து, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியைச் சற்றே வைத்தெடுத்தால், நீராவி உட்புகுந்து அந்நார்கள் பருத்தெழும். பள்ளங்களிற் பெரும்பாலானவை அவ்வாறே நிரம்பின.

வெட்டுகளோ எழவில்லை. அங்கே நார்கள் அறுந்துவிட்டன. அறுந்த நாரை நீராவி பொருத்தாது. அவற்றை நீக்க வேண்டுமாயின் மணற்கடதாசியால் மரம் முழுவதையுமே தேய்த்துத் தாழ்த்த வேண்டும். அப்பொழுது மரம் இரும்பின் விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும், பொருத்தம் கெடும்.

கடதாசியைக் கையில் எடுத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்று பேசப்படுகிறார். அந்த யானைகளுக்கு இன்று எஞ்சியிருப்பது அந்த ஓர் எண்ணே. வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937 இல் வந்தது. என் முன்னிருந்த துவக்கு றொஜர்ஸ் காலத்துக்குப் பிந்தியது. அந்த ஒன்பதும் யானைகளோ, சிறுத்தைகளோ, மரைகளோ, யாரறிவார்? அவை உயிரோடிருந்தமைக்கு இவ்வெட்டுகளன்றி வேறு சாட்சியில்லை. அதனையும் தேய்த்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கடதாசியை வைத்துவிட்டேன்.

பின்னர் ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகளாக எடுத்து, உள்ளங்கைச் சூட்டினால் மரத்திலே தேய்த்தேன். இவ்வெண்ணெய் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தே இறுகுவது. அப்போது வெப்பம் பிறப்பதால், எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றவுங் கூடும். ஆகையால் துணிகளை நீரில் நனைத்து விரித்து வைத்தேன். ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூசினேன். வேலை முடிய ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

நண்பர் வந்தார். மரத்தின் பளபளப்பில் மகிழ்ந்தவர், அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்ததும் முகம் வாடினார். நடந்ததைச் சொன்னேன். பதிலொன்றும் கூறாமல், வெட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிவிட்டு எடுத்துச் சென்றார்.

அண்மையில் அவரைக் கண்டேன். பிள்ளைகள் இப்பொழுதும் கேட்கிறார்களாம். இவரும் சொல்லத் தொடங்கிவிட்டாராம்.