குளிர்ப் பாலையில் குடும்பத் தோட்டம்

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர் அளவே தேறும். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கும் 20 டிகிரி கீழே இறங்குவதுண்டு. தேசிய மின்தொகுப்புடன் லே இணைக்கப்பட்டது 2019-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் சிறு நீர்மின் நிலையங்களும் டீசல் இயந்திரங்களும் கிட்டிய இடங்களில் மின்விளக்கு எரிந்தது. அவையும் எட்டாத மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து குழந்தைகளை வளர்த்து வந்துள்ளன.

அவ்வில்லங்களுக்கு ஆதாரம் பனியாற்று நீரும் சூரிய ஒளியுமே. உருகிவரும் நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து, ஊரார் நியமித்த நீர்ப் பங்கீட்டாளர் முறை வைத்து விடுகிறார். அந்நீரைக் கொண்டு கோடைமாதங்களில் வாற்கோதுமையும் பட்டாணியும் கிழங்கு வகைகளும் விளைகின்றன. குறைவு தோன்றுவது குளிர்காலத்தில். அக்காலத்தில் கணவாய்ச் சாலைகளைப் பனி அடைத்துவிடும். விமானத்தில் வரும் காய்கறியோ விலை மிகுந்தது. கருவுற்ற தாய்க்கும் வளரும் குழந்தைக்கும் வேண்டிய இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் சி ஆகியவற்றிற்குப் பசுங்கீரையை எங்கே தேடுவது?

உருளைக்கிழங்கு, முள்ளங்கி, காரட் முதலியவற்றை நிலத்தடிக் குழிகளில் சேமிப்பது பழைய வழக்கம். ஆழத்து மண் உறைவதில்லையாதலின் அவை கெடாமல் இருக்கும். கீரையையும் சர்க்கரைப் பாதாமியையும் உலர்த்தி வைப்பதுண்டு. எனினும், உலர்த்தும்போது வைட்டமின் சி-யின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது.

இக்குறையைத் தீர்ப்பதற்கு வந்ததே சூரிய வெப்பக் குடில். இது கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். தென்புறம் பாலிதீன் விரிப்பு. மற்ற மூன்று புறமும் மண்கல் சுவர். சுவரை இரட்டையாக எழுப்பி, இடையே வைக்கோலை அடைப்பார்கள். வடக்குச் சுவரின் உட்புறத்திற்குக் கரும்பூச்சு இடுவார்கள். பகலில் வெயிலை உண்ட சுவர், இரவில் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாக உமிழ்கிறது. மாலையில் விரிப்பின்மேல் துணிப்போர்வை இடவேண்டும். நண்பகலில் காற்றுத் துளைகளைத் திறக்கவேண்டும். திறவாவிடில் ஈரம் தேங்கிப் பூசணம் பற்றும். விறகோ மின்சாரமோ இன்றித் தை மாதத்திலும் பசலையும் கொத்துமல்லியும் இங்கே தழைக்கும்.

மண்ணுக்கு உரமும் வீட்டிலேயே கிடைக்கிறது. மேல்தளத்து உலர் கழிப்பிடத்தில் ஒவ்வொரு முறையும் மண்ணும் சாம்பலும் தூவப்படும். கீழ்த்தளத்தில் கழிவு மக்கி எருவாகும். நன்கு மக்காத எருவைப் பச்சையாக உண்ணும் கீரைகளுக்கு இடலாகாது. தோட்டத்திலிருந்து திரும்பும் குழந்தைகள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவப் பழக்கவேண்டும்.

களப்பணியாளர் இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. குடும்பத் தோட்டத்தின் பயனை விளைச்சல் மிகுந்த மாதத்தைக் கொண்டு அளத்தலாகாது; சட்டி வெறுமையாகும் மாதத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும். லடாக்கில் அது குளிர்காலம். வறண்ட சமவெளிகளில் கடுங்கோடை. எனவே முதலில் அவ்வூர்த் தாய்மார்களைக் கேட்டு, காய்கறி கிட்டாத மாதங்களைக் குறித்துக்கொண்டு, பின்னரே விதையைத் தேர்க.

ஆசிரியர்கள் கண்ணாடி மூடியிட்ட இரு பெட்டிகளை வெயிலில் வைத்து, ஒன்றில் மட்டும் கரும்பூச்சிட்ட செங்கற்களை அடுக்கலாம். வெயில் தாழ்ந்தபின் இரண்டிலும் வெப்பமானியைப் பார்த்தால், சுவர் வெப்பத்தைச் சேமிக்கும் முறை மாணவர்க்குத் தானே விளங்கும்.