சர்ச் தேதி முதல்ல, மண்டப அட்வான்ஸ் அப்புறம்

என் சித்தி பையன் 2025-லேயே மதுரையில மண்டபம் பாத்து, 2026 பிப்ரவரி கடைசி வாரத்துக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் குடுத்துட்டான். 2025-ல சாம்பல் புதன் மார்ச் 5. அதனால "தவக்காலம் மார்ச்சுல தானே"ன்னு நினைச்சிட்டான். 2026-ல அது பிப்ரவரி 18-க்கே வந்துடுச்சு. பங்குத்தந்தை காலண்டரைக் காட்டி, தவக்காலத்துல இங்க திருமணம் வைக்கிறதில்லைன்னு சொல்லிட்டார். மண்டபத்துல அட்வான்ஸ் திருப்பித் தரலை. அவனோட ஒன்றரை மாச சம்பளம் அது.

ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் மாறும், தவக்காலமும் கூடவே நகரும். 2027-ல சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துலயும் பெரும்பாலான பங்குகள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. 2026-ல அது நவம்பர் 29-ல ஆரம்பம். அதனால பங்குத்தந்தை தன் டைரியில உங்க பேரை எழுதின பிறகுதான் மண்டபத்துக்கு ஒரு ரூபாயாவது போகணும்.

அவர்கிட்ட போகும்போது ஞானஸ்நான சர்டிபிகேட் கேப்பார். வீட்டு பீரோவுல இருக்கிற பழையது செல்லாது, கடைசி ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும். ஏன்னா ஒருத்தருக்குக் கல்யாணம் ஆனா, அதை அவரோட ஞானஸ்நானப் பதிவேட்டுலயே குறிப்பாங்க. புது நகல்தான் நீங்க இன்னும் கல்யாணம் ஆகாதவர்னு காட்டும். ஞானஸ்நானம் இடைக்காட்டூர்ல, வேலை பெங்களூர்ல, கல்யாணம் மதுரையிலன்னா லீவு கணக்கையும் இப்பவே போடுங்க. திருமணத் தயாரிப்பு வகுப்பு இருக்கு. அப்புறம் ரெண்டு பங்குலயும் மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும்.

இப்ப ஒரு லாபமான விஷயம். ஆடியிலயும் மார்கழியிலயும் இந்துக் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் காலியா கிடக்கும். நமக்கு ஆடி தடையில்லை. கிறிஸ்துமஸ் முடிஞ்சதுல இருந்து பொங்கல் வரைக்கும் மார்கழி தான், ஆனா திருவருகைக் காலம் முடிஞ்சிருக்கும். அந்த நாட்கள்ல தாராளமா பேரம் பேசலாம். (பாட்டிக்கு ஆடின்னா பயம் இருந்தா, அதுக்கு என்கிட்ட ஃபார்முலா இல்லை!)

வாடகை பேசும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு கேளுங்க. 18 சதவீதம், ஒன்றரை லட்ச வாடகைன்னா 27,000 கூடும். ரொக்கமா கட்ட நினைச்சா, ஒரே நிகழ்ச்சிக்கு ஒருத்தர்கிட்ட 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுங்கிறது வருமான வரிச் சட்டம். தவணையா பிரிச்சாலும் தப்பு தான். அபராதம் வாங்குறவருக்கு.

இதே விதி மொய்க்கும் பொருந்தும். தாய்மாமன் பாசத்துல 2 லட்சம் ரொக்கமா வச்சா, வாங்குறவர் நீங்க! பேங்க் வழியா அனுப்பச் சொல்லுங்க. மணமக்களுக்குக் கல்யாணத்தன்னைக்கு வர்ற அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆனா இந்த விலக்கு உங்களுக்கு மட்டும்தான். அப்பா பேர்ல நண்பர்கள் எழுதுற மொய் வருஷத்துக்கு 50,000-ஐத் தாண்டினா அவருக்கு வரி வரும். மொய் நோட்டுல யார் பேருக்குன்னு தெளிவா இருக்கட்டும்.

பத்திரிகைக்கு வருவோம். திருப்பலி நடத்தப் போற சாமியார்கிட்ட சம்மதம் கேக்காம அவர் பேரைப் போடாதீங்க. முதல் பத்திரிகையைப் பங்குத்தந்தைக்குக் குடுங்க. தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தட்டோட அப்பா அம்மாவே நேர்ல போகணும். வாட்ஸ்அப்ல அனுப்பினா அந்த மனஸ்தாபம் உங்க பிள்ளை ஞானஸ்நானம் வரைக்கும் தொடரும். ஆபீஸ் நண்பர்களுக்கு வாட்ஸ்அப் போதும். எண்ணிக்கையை ஆளுக்குப் போடாம வீட்டுக்கு ஒண்ணுன்னு போடுங்க, மேல ஒரு 30 சேத்துக்கோங்க. அச்சுல பெரிய செலவு ஆரம்ப செட்டிங் தான். பேர் விட்டுப்போச்சுன்னு மறுபடி அடிச்சா அந்தச் செலவு மொத்தமா திரும்ப வரும். ப்ரூஃபை ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பாத்து கையெழுத்துப் போடட்டும். திருப்பலி நேரம் தனியா, மண்டப விருந்து நேரம் தனியா இருக்கான்னு நீங்க பாருங்க.

கல்யாணம் முடிஞ்சு 90 நாளுக்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணணும். சர்ச் சர்டிபிகேட் இருந்தாலும் 2009-ம் வருஷ தமிழ்நாட்டுச் சட்டப்படி இது கட்டாயம். ஹனிமூன் டிக்கெட் போடும்போதே இந்தத் தேதியையும் போன்ல அலாரமா வச்சிடுங்க.